அப்பாவின் மூளைக் கசிவு: ரத்தத்தில் என்எஃப்எல் அதிகமாம், ஞாபகம் போய்விடுமா?

நூல்கண்டு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இங்கே பல நாளாகப் படிக்கிறேன், எழுதுவது முதல் தடவை.

அப்பாவுக்கு 63 வயது. ஐந்து மாதத்துக்கு முன்னால் பிரஷர் எகிறி மூளைக்குள் ரத்தக்கசிவு. சிடி ஸ்கேனில் இடது தலாமஸ், 9 மில்லி என்று போட்டிருந்தார்கள். ஆபரேஷன் தேவைப்படவில்லை. பன்னிரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். வலது கை இப்போது ஏறக்குறைய சரியாகிவிட்டது. நடக்கிறார், பேசுகிறார். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "பழையபடி ஆகிவிட்டாரே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

கூடவே இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும். குளித்துவிட்டு வந்து, சட்டையைக் கையில் பிடித்தபடி கட்டிலில் உட்கார்வார். பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தாலும் அதே இடம், அதே சட்டை. "போட்டுக்கோங்கப்பா" என்று சொன்னால் உடனே போட்டுக்கொள்வார். முப்பது வருடம் கணக்கு எழுதிய மனிதர், மாத்திரை டப்பாவில் திங்கட்கிழமையன்று செவ்வாய்க் கட்டத்தைத் திறக்கிறார். இரண்டு தடவை நடந்துவிட்டது.

அண்ணன் தள்ளி இருக்கிறான். கசிவு நடந்து ஆறாவது வாரத்தில் அவனாகவே ஏதோ ஒரு மூளை ஆரோக்கியப் பரிசோதனையை இணையத்தில் பதிவு செய்து, வீட்டுக்கே ஆள் அனுப்பி ரத்தம் எடுக்க வைத்தான். அதில் நியூரோஃபிலமென்ட் லைட் செயின் (அதுதான் என்எஃப்எல்) 86 பிகோகிராம், பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி. அவர்கள் போட்டிருக்கும் இயல்பான அளவைப்போல நாலு மடங்குக்கு மேல். அண்ணன் தேடிப் படித்துவிட்டு, இது டிமென்ஷியாவுக்கான அடையாளம் என்று முடிவே கட்டிவிட்டான். அடுத்து அல்சைமர் இருக்கிறதா என்று பார்க்கிற பி-டாவ் 217 என்ற ரத்தப் பரிசோதனையும் எடுக்கவேண்டும் என்கிறான். டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். பார்த்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார். கேட்கவும் தைரியம் வரவில்லை.

அந்த 86-க்கு என்னதான் அர்த்தம்?

மைக்ரோபிப்பெட்

லேபில் வேலை செய்கிறவன், டாக்டர் இல்லை. அதனால் எண்ணைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நரம்பு செல்லிலிருந்து கிளம்பும் நீளமான வாலுக்கு ஆக்சான் என்று பெயர். அதற்கு உள்ளே முட்டுக்கொடுத்து நிற்கும் இழைகளில் ஒன்றுதான் இந்த நியூரோஃபிலமென்ட். ஆக்சான் அறுந்தால் அது வெளியே சிந்தும். மூளைத் தண்டுவட நீருக்குப் போய், அங்கிருந்து கொஞ்சம் ரத்தத்துக்கும் கசியும். பிகோகிராம் என்றால் ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமாக ரத்தத்தில் அளக்கும் கருவிகள் பரவலாக வந்தே பத்துப் பதினைந்து வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால்தான் உண்டு.

இப்போது முக்கியமான விஷயம். மூளைக்குள் ரத்தம் கசிந்தால் இந்த அளவு உடனே உச்சத்துக்குப் போகாது. நாள் போகப்போக ஏறி, சில வாரங்களில் உச்சம் தொட்டு, அப்புறம் மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். ஆறாவது வாரம் என்பது கிட்டத்தட்ட மலை உச்சி. அன்றைக்கு எடுத்தால் அதிகமாக இருக்காமல் வேறு எப்படி இருக்கும்? வெள்ளம் வந்த அடுத்த வாரம் ஆற்றில் மண் கலங்கி இருக்கிறதா என்று பார்த்த மாதிரிதான்.

இரண்டு கேள்வி. அப்பாவின் கிரியாட்டினின் எவ்வளவு? ஒல்லியான உடம்பா? சிறுநீரகம் சுணங்கினால் என்எஃப்எல் ரத்தத்தில் தேங்கி அதிகமாகக் காட்டும். ஒல்லியானவர்களுக்கும் கொஞ்சம் கூடுதலாக வரும். வயது ஏறினாலும் ஏறும். அந்த ரிப்போர்ட்டில் இயல்பு அளவை வயதுவாரியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

நூல்கண்டு

கிரியாட்டினின் 1.8. பிரஷரால் கிட்னியும் கொஞ்சம் பாதித்திருக்கிறது என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள். ஆள் ஒல்லி, 54 கிலோ. வயதுவாரியாக எதுவும் இல்லை, எல்லோருக்கும் ஒரே அளவுதான் அச்சிட்டிருக்கிறது.

மைக்ரோபிப்பெட்

அப்படியானால் அந்தச் சிவப்பு அம்பை ஒரு கையால் மூடிக்கொண்டு படியுங்கள். மூன்று காரணம் ஒரே திசையில் தள்ளுகிறது. அதில் எது எவ்வளவு என்று அந்த ஒற்றை எண்ணிலிருந்து பிரிக்க முடியாது.

கறார்பேர்வழி

இதெல்லாம் பயத்தைக் காசாக்கும் வேலை. ரத்தத்தில் மூளையைப் பார்க்கிறேன் என்று சொல்பவனிடம் ஓடிவிட வேண்டும். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள் அம்மா. டாக்டர் மடித்துக் கொடுத்தாரே, அதுதான் பதில்.

பாதித்தூக்கம்

நரம்பியல் பிரிவில் பயிற்சியில் இருக்கிறேன். இரவுப் பணி நடுவில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

//ரத்தத்தில் மூளையைப் பார்க்கிறேன் என்று சொல்பவனிடம் ஓடிவிட வேண்டும்//

இவ்வளவு கறார் வேண்டாம் சார். ஜிஎஃப்ஏபி என்று ஒரு புரதம் இருக்கிறது. நரம்பு செல்களைத் தாங்கி நிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களுக்குள் இருப்பது. ரத்தக்கசிவில் அந்தச் செல்கள் சட்டென்று கிழிவதால் முதல் சில மணி நேரத்திலேயே அது ரத்தத்தில் ஏறிவிடும். ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில் செல்கள் மெதுவாகச் சாகும், அதனால் தாமதமாகத்தான் ஏறும். ஆம்புலன்சிலேயே கசிவா அடைப்பா என்று ஊகிக்க முடியுமா என்று இதை வைத்துத்தான் ஆராய்கிறார்கள். 2018-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, தலையில் லேசாக அடிபட்டவருக்கு சிடி ஸ்கேன் வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்க ஜிஎஃப்ஏபியையும் யூசிஹெச்-எல்1 என்ற இன்னொரு புரதத்தையும் சேர்த்து அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது. என்எஃப்எல்லும் சும்மா இல்லை. மரபணுக் கோளாறால் வரும் ஒருவகை ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்புகள் சாகும் நோய்) நோய்க்கான டோஃபர்சென் மருந்துக்கு 2023-ல் விரைவு அனுமதி கிடைத்ததே, ரத்தத்தில் என்எஃப்எல் குறைந்ததை வைத்துத்தான்.

ஆகக் குப்பை என்று தள்ள முடியாது. எந்தக் கேள்விக்குப் பதிலாக எடுக்கிறோம் என்பதில்தான் சிக்கல். கசிவு வந்த நூறு பேரை வரிசையாக நிறுத்தினால், என்எஃப்எல் அதிகம் உள்ளவர்கள் பக்கம் பெரிய கசிவும் மோசமான மீட்சியும் கூடுதலாக இருக்கும். இது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. அந்த நூறு பேரில் உங்கள் அப்பா ஒருவரைத் தனியே கூப்பிட்டு "உங்களுக்கு ஞாபகம் போகும்" என்று சொல்ல அந்த எண் போதாது. கசிவுக்குப் பிறகான அறிவாற்றல் குறைபாட்டை மட்டும் குறிவைத்து நடந்த ரத்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. எவ்வளவு ஒயர் அறுந்தது என்பதைத்தான் என்எஃப்எல் சொல்லும், எந்த ஒயர் என்று சொல்லாது. தலாமஸ் என்பது மூளையின் நடுவில் இருக்கும் சந்திப்பு. ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் முன்மூளைக்கும் போகிற வரிசைகள் எல்லாம் அந்தச் சின்ன இடத்தில் நெருக்கியடித்துப் போகின்றன. அங்கே 9 மில்லி கசிவு செய்வதை வேறு இடத்தில் 30 மில்லி கசிவுகூடச் செய்யாமல் போகலாம். சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்வதும், சொன்னவுடன் போட்டுக்கொள்வதும் மறதி இல்லை. தானாகத் தொடங்குகிற விசை விழவில்லை. தலாமஸ் கேஸ்களில் இதை அடிக்கடி பார்க்கிறோம். வீட்டில் சோம்பேறித்தனம் என்றோ மனச்சோர்வு என்றோ நினைத்துக்கொள்வார்கள்.

நூல்கண்டு

படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். "வேணும்னே பண்றாரு" என்று போன வாரம் அம்மாவிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

டிமென்ஷியா வர வாய்ப்பு எவ்வளவு என்று நேராகவே கேட்டுவிடுகிறேன். மறைக்க வேண்டாம்.

பாதித்தூக்கம்

மறைக்கவில்லை. 2016-ல் இரண்டு ஆய்வுகள் வந்தன, இரண்டையும் இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள். பாஸ்டனில் கசிவிலிருந்து பிழைத்த 738 பேரைத் தொடர்ந்தார்கள். எல்லோரும் கசிவுக்கு முன் டிமென்ஷியா இல்லாதவர்கள். 19 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே வந்துவிட்டது. மீதிப்பேரில் வருடத்துக்கு 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வந்துகொண்டே இருந்தது. பிரான்சில் லீல் நகரத்தில் 218 பேரைப் பார்த்ததில் ஒரு வருடத்தில் 14 சதவீதம், நாலு வருடத்தில் 28 சதவீதம்.

எண்ணைப் பார்த்துப் பதறுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாஸ்டன் கணக்கில், சீக்கிரம் வந்தவர்களுக்குக் கசிவின் அளவும் இடமும் காரணமாக நின்றன. தாமதமாக வந்தவர்களுக்கு வேறு காரணங்கள்: படிப்பு, மனச்சோர்வு, ஸ்கேனில் மூளையின் வெண்பகுதி ஏற்கெனவே எவ்வளவு தேய்ந்திருந்தது என்பது. முதலில் வருவது வெடிப்பின் சேதம். பின்னால் வருவது அந்த வெடிப்புக்குக் காரணமான குழாய் நோயின் நீட்சி. இரண்டையும் ஒரே பேரால் அழைப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

மூளையின் ஓரப் பகுதிகளில் கசிந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். அங்கே பெரும்பாலும் அமிலாய்டு புரதம் குழாய்ச் சுவரிலேயே படிந்துபோன நோய் பின்னணியில் இருக்கும். அப்பாவுக்குத் தலாமஸ். அது பிரஷர் உடைத்த குழாய் மாதிரித் தெரிகிறது. எம்ஆர்ஐ எடுத்தார்களா? அதில் எஸ்டபிள்யூஐ என்ற வரிசை இருந்தால் பழைய நுண்கசிவுகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். அவை ஆழத்தில் இருக்கின்றனவா, ஓரத்திலா என்பது எந்த ரத்தப் பரிசோதனையையும்விட அதிகம் சொல்லும்.

அப்புறம், அவர் சாப்பிடும் மாத்திரைகளின் முழுப் பட்டியலைப் போடுங்கள். தூக்கம், ஒவ்வாமை, சிறுநீர் என்று எதற்காக இருந்தாலும் விடாமல்.

இரண்டாம்_ஆட்டம்

எனக்கு வந்தது வேறு வகை. அனியூரிசம், அதாவது பலூன் மாதிரி உப்பிய ரத்தக்குழாய், வெடித்து மூளையைச் சுற்றி ரத்தம் பரவியது, நாலு வருடமாகிறது. 21 நாள் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிமோடிபின். இரவு ரெண்டு மணிக்கு எழுப்பி மாத்திரை கொடுத்த நர்ஸின் டார்ச் வெளிச்சம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஞாபகத்தையும் கவனத்தையும் பார்க்கிற மோகா டெஸ்டில் எனக்கு 30-க்கு 28. "நார்மல்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த நார்மலோடு வேலைக்குப் போனேன். திரையில் இரண்டு தாள்களைத் திறந்து வைத்து, ஒன்றிலிருக்கும் எண்ணை இன்னொன்றில் தட்டவேண்டும். முதல் தாளிலிருந்து கண்ணை எடுத்து இரண்டாவதுக்கு வருவதற்குள் எண் போய்விடும். திரும்பப் பார்ப்பேன், திரும்ப வருவேன், கடைசி மூன்று இலக்கம் காணாது. மதியம் மூன்று மணிக்குத் தலைக்குள் யாரோ விளக்கை அணைத்த மாதிரி இருக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு பேர் சொன்னதும் காதில் விழாது. ஆறு மாதம் நான் சோம்பேறியாகிவிட்டேன் என்றே நம்பினேன்.

எனக்கு யாரும் என்எஃப்எல் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று சில சமயம் யோசிப்பேன். குறைவாக வந்திருந்தால் "ரத்தமும் நார்மல், ஸ்கோரும் நார்மல், எல்லாம் உன் மனசுதான்" என்று சொல்லியிருப்பார்கள். அம்புக்குறி இல்லாத ரிப்போர்ட்டும் ஆளைக் கவிழ்க்கும்.

வழிப்போக்கன்

ரத்தம் கசிந்த இடத்தில் இரும்பு தேங்கி அதுதான் மூளையை அரிக்கிறதாம். இரும்பை வெளியேற்றும் மூலிகைக் கேப்சூல் ஒன்று இருக்கிறது, என் மைத்துனருக்கு மூன்றே மாதத்தில் ஞாபகம் திரும்பியது, தொடர்புக்கு [நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்

விற்பனைத் தொடர்பு நீக்கப்பட்டது. அடுத்த முறை கணக்கும் நீக்கப்படும்.

பாதித்தூக்கம்

மூலிகை போகட்டும், இரும்பு விஷயத்தில் பாதி உண்மை. கசிந்த ரத்தச் செல்கள் உடைந்து இரும்பு வெளிப்படுவதும், அது சுற்றியுள்ள திசுவுக்குக் கெடுதி செய்வதும் உண்மை. அதனால்தான் இரும்பைப் பிடித்து வெளியேற்றும் டெஃபராக்சமைன் மருந்தைக் கசிவு நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. 90 நாளில் எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. கோட்பாடு அழகாக இருப்பதும் மருந்து வேலை செய்வதும் ஒன்றில்லை.

நூல்கண்டு

மாத்திரைப் பட்டியல்: பிரஷருக்கு ஆம்லோடிபின், டெல்மிசார்டன். கொழுப்புக்கு ஒன்று. வலிப்பு வராமல் இருக்க லெவிடிராசெட்டம், கசிவு நாளிலிருந்தே. தூக்கத்துக்கு அல்பிரசோலம், ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது, இன்னும் தினமும் ராத்திரி போகிறது. மூக்கு ஒழுகலுக்கு எப்போதாவது ஒரு மாத்திரை, போட்டால் நன்றாகத் தூங்குவார்.

அவருக்கு வலிப்பு வந்ததே இல்லை.

பாதித்தூக்கம்

இதைத்தான் தேடினேன். அல்பிரசோலம் புதிய விஷயங்கள் மனதில் பதிவதையே மழுங்கடிக்கும், பகலிலும் மந்தமாக்கும். மூக்குக்குப் போடுவது போட்டால் தூக்கம் வருகிற பழைய வகை என்றால், அதுவும் மூளையில் ஞாபகத்துக்கான அசிட்டைல்கோலினைத் தடுக்கிறது. வலிப்பே வராதவருக்கு ஐந்து மாதமாக லெவிடிராசெட்டம் எதற்கு என்பதையும் கேட்கவேண்டும். சிலருக்கு அது எரிச்சலையும் மந்தத்தையும் கொடுக்கும்.

கேளுங்கள் என்றேன், நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. அல்பிரசோலத்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம், படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். அதை எழுதிக் கொடுத்த டாக்டர்தான் செய்யவேண்டும். லெவிடிராசெட்டமும் அப்படியே.

தாழ்வாரம்

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கசிவு நடந்து மூன்றாவது மாதம் வரை நன்றாக வந்துகொண்டிருந்தார். அப்புறம் நடை மாறியது. கால் தரையில் காந்தம் ஒட்டிய மாதிரி, சின்னச் சின்ன அடி. பாத்ரூமுக்குள் போவதற்கு முன்பே ஆகிவிடும். கேட்ட கேள்விக்குப் பதில் அரை நிமிடம் கழித்து வரும். டிமென்ஷியா வந்துவிட்டது, பழகிக்கொள்ளுங்கள் என்றே ஒரு இடத்தில் சொல்லிவிட்டார்கள். இன்னொரு இடத்தில் சிடி எடுத்தபோது மூளைக்குள் நீர் தேங்கி அறைகள் வீங்கியிருந்தன. அந்த நீரை வடிக்க ஷன்ட் என்ற குழாய் வைத்தார்கள். இரண்டாவது வாரம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, வாசலில் செருப்பை ஏன் இப்படிப் போட்டிருக்கிறாய் என்று திட்டினார். அந்தத் திட்டுக்காக அழுதேன்.

நூல்கண்டு, அப்பாவின் நடை எப்படி? சிறுநீர்?

பாதித்தூக்கம்

அருமையாக நினைவுபடுத்தினீர்கள். தலாமஸ் கசிவு பக்கத்திலுள்ள நீரறைக்குள் உடைந்து போவது சகஜம், அப்படிப் போனவர்களுக்கு இது வரும். என்எஃப்எல் இதிலும் ஏறலாம். ஆனால் ஏறியிருக்கிறது என்பதை வைத்து யாரும் ஷன்ட் வைக்க மாட்டார்கள், ஸ்கேனையும் நடையையும் பார்த்துத்தான் வைப்பார்கள்.

நூல்கண்டு

நடை சரியாகத்தான் இருக்கிறது, சிறுநீர்ப் பிரச்சினை இல்லை. ஆனால் முதல் ஸ்கேனில் "மூன்றாவது வென்ட்ரிக்கிளுக்குள் சிறிதளவு" என்று ஒரு வரி இருக்கிறது, அந்த நீரறையைத்தான் சொல்கிறார்கள் போல. அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம், கேட்கிறேன்.

அண்ணனும் இந்த இழையைப் படிக்கிறான். பி-டாவ் 217 பற்றி யாராவது சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவன் விடமாட்டான்.

மைக்ரோபிப்பெட்

எண்ணின் பக்கம்: அதுவும் சிறுநீரகம் சுணங்கினால் ஏறும். 1.8 கிரியாட்டினினோடு எல்லைக்கோட்டில் ஒரு விடை வந்தால் யாராலும் உறுதியாகப் படிக்க முடியாது. 2025 மே மாதம் எஃப்டிஏ அனுமதித்த முதல் அல்சைமர் ரத்தப் பரிசோதனை, பி-டாவ் 217-ஐயும் அமிலாய்டு 42-ஐயும் விகிதமாகப் பார்க்கிறது. அதுகூட ஏற்கெனவே ஞாபகக் குறைவு அறிகுறி உள்ளவர்களுக்கு, அதற்கான மருத்துவர் பார்வையில் எடுப்பதற்குத்தான். வீட்டுக்கு ஆள் அனுப்பி எடுக்கிற சமாச்சாரம் இல்லை.

பாதித்தூக்கம்

வைத்தியத்தின் பக்கம்: பாசிட்டிவ் என்றே வைத்துக்கொள்வோம். மூளையில் அல்சைமரின் அடையாளமான அமிலாய்டு இருக்கிறது என்று தெரியும், அது பத்துப் பதினைந்து வருடமாகவே சேர்ந்து வந்திருக்கலாம். அடுத்து என்ன செய்வீர்கள்? அமிலாய்டை அகற்றும் லெகனமாப், டோனனமாப் ஊசிகளுக்கு மூளையில் வீக்கமும் கசிவும் வரும் பக்கவிளைவு உண்டு. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கசிவு கண்டவர்களை அந்தச் சோதனைகளிலேயே சேர்க்கவில்லை. அப்பாவின் 9 மில்லி அதைவிடப் பெரியது. ஆக, விடை எதுவாக இருந்தாலும் நாளைக்குக் காலையில் அவருக்குக் கொடுப்பது மாறப்போவதில்லை. அண்ணனிடம் இதை மட்டும் கேளுங்கள்: விடை வந்தபிறகு எதை மாற்றப்போகிறாய்?

கறார்பேர்வழி

நான் ஒரு வரியில் சொன்னதை ஐந்து பதிவில் சொல்கிறீர்கள்.

பாதித்தூக்கம்

ஒரு வரியில் சொன்னால் அடுத்த வீட்டு அண்ணன் நம்ப மாட்டான் சார்.

சொல்லாடல்

பேச்சு, அறிவாற்றல் பயிற்சி கொடுக்கிறவள். தாமதமாக வந்தேன். ரத்தத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, ஆளைப் பற்றி யாரும் அளக்கவில்லையே! மோகா எடுத்தார்களா? 2005-ல் வெளியானது, 30 மதிப்பெண், பத்து நிமிட வேலை. பழைய எம்எம்எஸ்இ டெஸ்ட் ஞாபகத்தையும் மொழியையும் அதிகம் பார்க்கும். கசிவுக்குப் பிறகு முதலில் அடிவாங்குவது வேகமும் திட்டமிடலும், அதனால் எம்எம்எஸ்இ-யில் பலர் தப்பித்துவிடுவார்கள்.

மொத்த மதிப்பெண்ணைவிட எங்கே போனது என்று பாருங்கள். ஐந்து சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துக் கேட்பார்கள். தானாக வராவிட்டாலும் "அது ஒரு நிறம்" என்று துப்புக் கொடுத்தவுடன் வந்துவிட்டால், சொல் உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை. துப்புக் கொடுத்தும் வராவிட்டால் பதியவே இல்லை. இரண்டுக்கும் பயிற்சி வேறு வேறு. எந்த ரத்தப் பரிசோதனையும் இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

போகும்போது கண்ணாடி மாட்டிவிட்டு அழைத்துப் போங்கள், காது கேட்கிறதா என்று பாருங்கள், காலையில் எடுங்கள். மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுப்பி எடுத்த மோகாவை நான் ஒப்புக்கொள்வதில்லை. மறுபடி எடுக்கும்போது மாற்று வடிவம் கேளுங்கள், அதே சொற்களைக் கேட்டால் மனப்பாடம் வந்து நிற்கும்.

இரண்டாம்_ஆட்டம்

பிரஷர் பற்றி யாரும் பேசவில்லையே. அது இறங்கினால் ஞாபகமும் காப்பாற்றப்படுமா?

பாதித்தூக்கம்

கசிவு திரும்ப வராமல் இருக்க அதைவிடப் பெரிய ஆயுதம் இல்லை. 2022 அமெரிக்க வழிகாட்டுதல் 130/80-ஐ இலக்காகச் சொல்கிறது. ஞாபகத்துக்கு என்று கேட்டால், 2019-ல் வந்த ஸ்பிரின்ட்-மைண்ட் ஆய்வில் மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்கு லேசான அறிவாற்றல் குறைபாடு குறைந்தது. டிமென்ஷியாவில் தெளிவான வித்தியாசம் இல்லை. பக்கவாதம் வந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவும் இல்லை. எனவே அப்பாவுக்கு அப்படியே பொருத்த முடியாது, ஆனால் திசை அதுதான். இரண்டு வேளையும் எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரியில் எடுக்கிற ஒற்றை ரீடிங்கை நான் நம்புவதில்லை.

நூல்கண்டு (ஒன்பது வாரம் கழித்து)

காணாமல் போய்விட்டேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

மறுபடி சிடி எடுத்தார்கள். நீர் தேங்கவில்லை. லெவிடிராசெட்டத்தைக் குறைத்து நிறுத்தியாகிவிட்டது. அல்பிரசோலம் கால் கால் மாத்திரையாகக் குறைந்து, போன வாரத்தோடு முடிந்தது. நடுவில் நாலு ராத்திரி அவரும் தூங்கவில்லை, நாங்களும் தூங்கவில்லை. வீட்டில் எடுத்தால் காலை பிரஷர் 150-க்கு மேல் போயிருக்கிறது, டாக்டர் பார்க்கும்போது மட்டும் 128. நோட்டைக் காட்டியதும் மாத்திரையை மாற்றினார்கள்.

மோகா அப்போது 20, போன வாரம் மாற்று வடிவத்தில் 23. ஐந்து சொற்களில் தானாக வந்தது ஒன்று, துப்புக் கொடுத்தால் இன்னும் மூன்று. கடிகாரம்தான் என்னை உலுக்கியது. பதினொன்று பத்து காட்டச் சொன்னார்கள். வட்டம் போட்டார், பன்னிரண்டு எண்ணும் அழகாக எழுதினார், கணக்கு நோட்டில் எழுதுகிற அதே கையெழுத்து. சின்ன முள்ளைப் பதினொன்றில் வைத்தார். பெரிய முள்ளை 2-ல் வைக்காமல் 10-ல் வைத்தார். இரண்டு தடவையும் அப்படியே. முதல் தடவை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தத் தடவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "எதோ சரியில்ல" என்றார். எது என்று சொல்லத் தெரியவில்லை.

சட்டை இன்னும் பிரச்சினைதான். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி குளியலறைக் கதவின் உள்பக்கமே மாட்டி வைக்கிறோம், வெளியே வருவதற்குள் போட்டுக்கொள்கிறார். கட்டிலில் வைத்தால் பழையபடி உட்கார்ந்துவிடுகிறார்.

அப்புறம் ஒன்று. அண்ணன் எங்களுக்குச் சொல்லாமலே இரண்டாவது என்எஃப்எல் எடுத்துவிட்டான். 31. குறைந்துவிட்டது என்று கொண்டாடுகிறான்.

சொல்லாடல்

//வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்//

மூன்று மதிப்பெண் ஏறியதைவிட இது எனக்குச் சந்தோஷம். "பத்து" என்ற சொல் முள்ளை 10-க்கு இழுக்கிறது, அதைத் தடுக்கும் பிரேக் இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் தவறு நடந்தது தெரிகிறது. அங்கிருந்துதான் நான் பயிற்சியைத் தொடங்குவேன்.

மைக்ரோபிப்பெட்

31 இறங்கியது எதிர்பார்த்ததுதான், எட்டாவது மாதத்தில் இறங்கத்தான் செய்யும். ஒரு சந்தேகம்: இரண்டும் ஒரே லேபா? ஒரே கருவியா? வேறு வேறு கருவி என்றால் ஒரே ரத்தத்துக்கே இரண்டு எண் வரும். 86-லிருந்து 31 என்று கோடு போடவே கூடாது.

நூல்கண்டு

வேறு லேபாம். இது மலிவாகக் கிடைத்ததாம்.

நீங்கள் எழுதியதை அப்படியே அண்ணனுக்கு அனுப்பினேன். அப்படியானால் பழைய லேபிலேயே மூன்றாவது ஒன்று எடுத்துவிடலாமா என்று கேட்கிறான். பிரஷர் மெஷினுக்கு பேட்டரி தீர்ந்துவிட்டது, நாலு வாங்கி அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.